19 அடி நீளத்தில் ஒரு படம்

திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் துவாக்குடி. நடு என்றால் சரி நடு இல்லை. மேற்கே 20 கிலோமீட்டர் போனால் மலைக்கோட்டை. கிழக்கே 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போனால் பெரிய கோயில். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு நாள் மேற்கே, ஒரு நாள் கிழக்கே என்று அழைத்துப் போய்க் காட்டுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை வந்த வேலை. பெரிய கோயிலை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் நந்திக்குப் பக்கத்தில் நின்று, கோபுரம் முழுசாக வரும்படி ஒரு போட்டோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்று. அப்புறம் புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம். இதுதான் பெரிய கோயில் பார்ப்பது என்று நாங்கள் எல்லோருமே வைத்திருக்கிறோம், இல்லையா?

அந்தக் கோபுரத்தையே பார்க்காமல், அதன் அடிப்பாகத்து எழுத்துக்களை மட்டும் வளைத்து வளைத்துப் படம் எடுத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். அவர் எடுத்தது 1858-ஆம் வருஷம். அந்தப் படத்தின் நீளம் ஏறத்தாழ 19 அடி. நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினால் ஒரு சுவர் போதாது.

கல்லூரியில் படிக்கிற என் மகள் விடுமுறைக்கு வந்தபோது இதைப் போனில் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ளப் படம் போய்க்கொண்டே இருந்தது. கல், எழுத்து, கல், எழுத்து. அவ்வளவுதான். என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சுவத்துல எறும்பு சாரை சாரையா ஊர்ற மாதிரி இருக்கு? சாமி எங்க?" என்று கேட்டார்கள். "அப்பாயி, இது எல்லாமே ராஜராஜ சோழன் வெட்டச் சொன்ன எழுத்து" என்றாள் மகள். "நாம அங்க போறப்ப இதைப் பாக்கவே இல்லையே" என்றார்கள் அத்தை. நியாயமான கேள்விதான். அடுத்த வாரமே மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

போவதற்கு முன் அந்தப் படக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822-இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இங்கே வந்துவிட்டார். போட்டோ என்கிற வித்தையே உலகத்துக்குத் தெரிய வந்தது 1839-இல்தான். டிரைப் நீண்ட லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம் அதைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து 1854-இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை எடுத்தார். 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய் அங்கேயும் எடுத்தார். கம்பெனியின் மேலிடத்தாருக்கு அப்போது ஒரு யோசனை வந்திருந்தது. பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் ஆள் வைத்து வரைவதைவிடப் படம் பிடித்தால் செலவும் குறையும், பிழையும் இருக்காது என்று. அதன்படி சென்னை அரசாங்கம் 1856-இல் டிரைப்பைத் தன் சொந்தப் படக்காரராக வைத்துக்கொண்டது.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே அப்போது பெரிய கலகம், யுத்தம். இங்கேயோ ஒரு கேப்டன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பெட்டி பெட்டியாகக் காகிதத்தையும் மருந்துப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, ராயக்கோட்டை, சேலம் பக்கம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று ஊர் ஊராகப் போனார். நம் பக்கத்துக்கு ரயில் வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது 1861-இல். அது திருச்சியைத் தொட்டது 1862-இல். ஆகவே எல்லாம் வண்டிப் பாதைதான். தஞ்சாவூரில் அவர் வேலை செய்தது மார்ச், ஏப்ரல் மாதங்களில். பங்குனி, சித்திரை வெயிலில் பெரிய கோயில் பிராகாரத்துக் கல் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி நம் அடுப்பங்கரைக்குக் கொஞ்சம் வாருங்கள். ஏனென்றால் அந்தக் காலத்துப் போட்டோ வேலை பாதி சமையல் வேலை, பாதி சலவை வேலை.

கண்ணாடித் தகட்டிலும் அப்போது படம் எடுத்தார்கள். டிரைப் நம் பக்கத்துக் கோயில்களுக்கு அதிகம் பயன்படுத்தியது காகித நெகடிவ். நல்ல மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை உருக்கித் தடவி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். உபரி மெழுகை ஒற்றுத்தாள் உறிஞ்சிக்கொள்ளும். காகிதம் எண்ணெய்க் காகிதம் போலக் கண்ணாடியாகத் தெரியும். இந்த மெழுகுக் காகித முறையை 1851-இல் வெளியிட்டவர் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் எழுதிய பக்குவத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அரிசியை வேகவைத்து வடித்த கஞ்சித் தண்ணீர், பாலிலிருந்து எடுத்த சர்க்கரை, அதில் அயோடின் உப்புக்கள். மெழுகுக் காகிதத்தை இதில் ஊறப் போட்டு உலர்த்த வேண்டும். நாம் வாயில் புடவைக்குக் கஞ்சி போடுகிற கதைதான். பிறகு இருட்டறையில் வெள்ளிச் சத்து கலந்த திராவகத்தில் நனைத்தால்தான் அது வெளிச்சத்தை உணரும் காகிதமாகும்.

படம் எடுத்தபின் அதை வெளிக்கொண்டுவருவதற்கு காலிக் அமிலம். அந்த நாளில் அதை மாசிக்காயிலிருந்துதான் தயாரித்தார்கள். ஆமாம், குழந்தைக்கு உரை மருந்து உரைப்பதற்கு வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு டப்பாவில் வைத்திருப்போமே, அதே மாசிக்காய்! (ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். இளம் தாய்மார்கள் அதைக் கேட்டு நடப்பதே நல்லது. மாசிக்காயை நான் இங்கே சொல்வது படத்துக்காக மட்டும்.) அந்தக் காகிதத்தை அமிலத்தில் மணிக்கணக்காகப் போட்டு வைத்தால் உருவம் மெள்ள மெள்ளக் கறுத்து வரும். கடைசியாக நெகடிவை வேறொரு காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காயப் போட்டால் பிரதி கிடைக்கும். பிரதி எடுக்கிற காகிதத்துக்கும் உப்புத் தண்ணீர், முட்டையின் வெள்ளைக் கரு என்று பூச்சு உண்டு. ஐரோப்பாவில் இதற்காகவே முட்டை உடைக்கப் பெண்களை வேலைக்கு வைத்த காலமும் பின்னால் வந்தது.

இதில் இன்னொரு விஷயம். அப்போது சின்ன நெகடிவிலிருந்து பெரிய படம் போடும் வழக்கம் இல்லை. நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே படம் ஒரு அடிக்கு மேல் அகலம் வேண்டுமென்றால் காகிதமும் அந்த அளவு, காமிரா அதைவிடப் பெரிய மரப்பெட்டி. வெளிச்சம் உள்ளே விழ நிமிஷக் கணக்காக மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துக் கோயில் படங்களில் மனித நடமாட்டமே தெரியாது. ஆட்கள் இல்லாமல் இல்லை. பூக்காரி, பால்காரர், தண்ணீர்க்குடம் எடுத்துப் போன பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போயிருப்பார்கள். அசைந்தவர்கள் யாரும் படத்தில் பதியவில்லை. கல் மட்டும் அசையாமல் நின்று பதிந்துவிட்டது.

வானமும் அப்படித்தான். காகித நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் சில நெகடிவ்களில் தாமே வண்ணம் தொட்டு மேகம் வரைந்திருக்கிறார். மரத்து இலைகளைக்கூடத் திருத்தியிருக்கிறார். படம் பொய் சொல்லாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மேகங்கள் பொய். ஆனால் அழகான பொய்.

மேற்கே எடுத்த படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. மலைக்கோட்டையின் பழைய படங்களைப் பார்த்தால் பாறை அதே பாறை. ஆனால் ஊர் வேறு ஊர். அந்த நாளில் திருச்சியைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. பிறகு மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். நாம் ஜவுளி எடுக்கப் போகும்போது கடந்து போகிற மெயின் கார்டு கேட் அதில் மிஞ்சியது. தெப்பக்குளத்தின் கரை தெரிகிற மாதிரி இன்றைக்கு ஒரு படம் எடுங்கள் பார்க்கலாம், கடைகளுக்கு நடுவே! ஸ்ரீரங்கத்திலோ அந்த நூற்றாண்டுப் படங்களில் தெற்கு வாசல் மொட்டைக் கோபுரமாக நிற்கும். 13 நிலையும் 236 அடியுமாக ராஜகோபுரம் எழும்பிக் கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச் மாதம். "நாங்க கல்யாணமாகி வந்தப்ப அது மொட்டைதான்" என்று அத்தை அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் பார்த்ததும் 1858-இல் டிரைப் பார்த்ததும் ஒரே மொட்டைக் கோபுரம் என்று நினைத்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. டிரைப்புக்குப் பிறகு லயன் என்பவர் 1867, 68-இலும், போர்ன் என்பவர் அதை ஒட்டியும் வந்து ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை எடுத்தார்கள். அவர்களுடையவை கண்ணாடி நெகடிவ்கள். பளிச்சென்று இருக்கும். என் ஓட்டு டிரைப்புக்குத்தான். காகிதப் படத்தில் ஒரு மென்மை இருக்கிறது.

சரி, கிழக்கே போவோம்.

காலை 6 மணி பஸ். செங்கிப்பட்டி, வல்லம் தாண்டி வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குள் நுழைந்துவிட்டோம். முதலில் சாமி தரிசனம். பெருவுடையாரைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தெற்குப் பக்கமாக விமானத்தைச் சுற்ற ஆரம்பித்தோம். மேலே 216 அடி உயரத்துக்குக் கண் தானாகப் போகும். அதை அடக்கிக்கொண்டு நம் இடுப்பு உயரம், தோள் உயரம் பாருங்கள். விமானத்தின் அடிப்பீடம் முழுக்க, உருளையான கல்லில், பட்டையான கல்லில், மடிப்பில், விளிம்பில் எழுத்து. ஒரு சாண் இடத்தை வெறுமனே விடவில்லை. காலைச் சாய்வெயில் பட்டால்தான் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

மகள் போனில் டிரைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் இந்தப் பீடத்தை 21 துண்டுப் படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். ஒரு துண்டு எடுப்பது, பெரிய பெட்டியைத் தூக்கி நகர்த்துவது, முந்தின துண்டு முடிந்த எழுத்தில் அடுத்ததைச் சரியாகத் தொடங்குவது, மறுபடி நிமிஷக் கணக்கில் காத்திருப்பது. அவருக்குத் தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பொறுமை வருமா என்று சந்தேகம். நாங்கள் படத்தில் ஒரு கல் இணைப்பைப் பார்ப்பதும், சுவரில் அதைத் தேடுவதுமாக நகர்ந்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

அத்தை பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. அறிவொளி இயக்கம் வந்தபோது சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். பஸ் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். அதே பழக்கத்தில் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, "இந்தா, இது ட மாதிரி இருக்கு. இது ப தானே?" என்றார்கள். பார்த்தால் ட-வும் ப-வும்தான். ஆயிரம் வருஷத்தில் க மாறியிருக்கிறது. மற்ற பல எழுத்துக்களும் உருண்டு நெளிந்து வேறாகிவிட்டன. புள்ளியே கிடையாது. ஆனால் ட அப்படியே இருக்கிறது. நான் பள்ளி இறுதி வரை படித்தவள். என்னைவிட அத்தைதான் அன்றைக்கு அதிகம் எழுத்துக்களைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும் போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கேட்டார்கள். "இவ்ளோ எழுதியிருக்கானே, இதுல பொம்பளைங்க பேரு ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது அத்தை. நிறையவே இருக்கிறது.

இராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ஐ ஒட்டி, தஞ்சாவூர் அரண்மனையில் திருமஞ்சன சாலையில் இருந்தபோது ஓர் உத்தரவு போட்டான். இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்ததையும், தன் அக்கா கொடுத்ததையும், தன் மனைவிமார் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லிலே வெட்டி வைக்க வேண்டும் என்று. தனக்கு அடுத்தபடி யாரைச் சொல்கிறான் பாருங்கள். அக்காவை. அந்த அக்காதான் குந்தவை. நாவலில் படித்து ரசித்த குந்தவை இல்லை. நிஜக் குந்தவை, கணக்கு வழக்கோடு.

கணக்கு என்றால் எப்படிப்பட்ட கணக்கு! குந்தவை அம்மனுக்குப் போட்ட நகைகளின் பட்டியலை மகள் புத்தகத்திலிருந்து குறித்துக்கொண்டு வந்திருந்தாள். முத்து என்று சும்மா எழுதவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம் என்று ரகம் ரகமாகப் பிரித்து எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்து எழுதியிருக்கிறார்கள். கோயிலின் நிறைகல்லுக்கே ஆடவல்லான் என்று சாமி பெயர். நகையின் எடையில் கோத்த சரடு, செப்பு ஆணி, உள்ளே வைத்த அரக்கு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் விடாமல் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு நகைக்கடையில் கல் எடை எவ்வளவு, அரக்கு எடை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று நாம் சண்டை பிடிக்கிறோமே, அதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

இதைவிட என் மனசைத் தொட்டது வேறு. கோயிலில் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றித் தெருக்களில் குடி வைத்தான் அரசன். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். 400 பேருடைய பெயரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியில் தலைவீட்டுக்காரி பெயர் சேரமங்கை. திருவையாற்றிலிருந்து வந்தவள். தானாக விரும்பி வந்தாளா, தாயை விட்டு அழுதுகொண்டு வந்தாளா, கல் அதைச் சொல்லவில்லை. வீட்டு எண்ணைச் சொல்கிறது. இந்தக் கல்வெட்டு இருப்பது வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்பக்கம். டிரைப்பின் நீளப் படம் விமானத்தைச் சுற்றியது மட்டுமே, அதனால் சேரமங்கை அதில் இல்லை. குந்தவை இருக்கிறாள்.

அத்தை இதைக் கேட்டுவிட்டு, "நானூறு பொம்பளைங்க பேரா? எங்க தெருவுல நூறு வீடு இருக்கு. வீட்டு வரி ரசீதுல ஒரு பொம்பளை பேரு கெடையாது" என்றார்கள். நான் பதில் பேசவில்லை. எங்கள் வீட்டு ரசீதும் இவர் பெயரில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1858-இல் டிரைப் இந்த எழுத்துக்களைப் படம் எடுத்தபோது, இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று ஊரில் நிச்சயமாகத் தெரியாது. கரிகாலன் என்பார்கள், காடுவெட்டிச் சோழன் என்பார்கள், ஆளுக்கு ஒரு கதை. கட்டியவன் பெயரோ அவருடைய காமிராவுக்கு எதிரே கல்லில் வெட்டிக் கிடக்கிறது! அதற்கு ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு அதிகாரியாக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர்தான் இந்தச் சுவர்களை வரிசையாகப் படித்து, 1891 முதல் புத்தகமாகப் போட்டார். இராஜராஜன் கட்டியது என்பது அப்போதுதான் சந்தேகமில்லாமல் நிலைபெற்றது. நாம் எல்லோரும் இன்றைக்கு ராஜராஜன் ராஜராஜன் என்று சொல்வது அந்தப் படிப்புக்குப் பிறகு வந்த பேச்சு. படிக்கத் தெரியாத ஒருவர், படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு எழுத்து விடாமல் எடுத்து வைத்த படம் என்று நினைத்தால் டிரைப்பின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

அவ்வளவு உழைத்தவருக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? ஊர் திரும்பி, படங்களை ஊர்வாரியாக ஆல்பமாக்கினார். தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் சேர்த்து ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, மதுரைக்கு, புதுக்கோட்டைக்கு என்று. அத்தனையும் கையால் பிரதி போட்டு ஒட்டினது. 1859-இல் சென்னைக்கு டிரவிலியன் என்ற புது கவர்னர் வந்தார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினவர், போட்டோ என்பது அரசாங்கத்துக்கு ஆகாத ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டி, அந்த வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார். மாசக் கடைசியில் வீட்டுச் செலவைக் குறைக்கும்போது முதலில் வாரப் பத்திரிகையை நிறுத்துவார்களே, அந்த மாதிரி. 1860-க்குப் பிறகு டிரைப் அநேகமாகக் காமிராவைத் தொடவில்லை. படை வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊரில் 1902-இல் காலமானார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து 2014, 2015-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களின் பெரிய மியூசியங்களில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. ஆடம்பரச் செலவு என்று சொன்ன கவர்னர் இருந்து பார்த்திருக்க வேண்டும்!

அசல் படங்கள் அந்த நாடுகளில் பத்திரமாக, வெளிச்சம் படாமல், ஈரம் படாமல் இருக்கின்றன. கல் நம்மிடம் இருக்கிறது. நாங்கள் நின்றுகொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனில் பேசினவர் ஒருவர். கையிலிருந்த விபூதியைக் கல்லின் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போன அம்மா ஒருவர். ஒரு சின்னப் பையன் சாவியை எடுத்து கீறப் போனான். அவன் தாய் பார்க்கவில்லை. அத்தை பார்த்துவிட்டு, "தம்பி, அது எங்க வீட்டு நகைக் கணக்குடா, அழிச்சுடாத" என்றார்கள். பையன் மிரண்டு சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். காவலர் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்க மாட்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் சில குறிப்புகள். துவாக்குடியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. புது பஸ் நிலையத்தில் இறங்கினால் பழைய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் பிடியுங்கள். கோயில் அங்கிருந்து பக்கம். காலை 9 மணிக்குள் விமானத்தைச் சுற்றிவிட வேண்டும். அதற்கு மேல் கல் தரை சுடும், எழுத்தும் தெரியாது. கைக்குழந்தை இருந்தால் தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்கு ட, ப இரண்டு எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பகல் 12.30-க்கு நடை சாத்திவிடுவார்கள்.

மத்தியானம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, டிரைப் போனது போலவே நீங்களும் திருவையாற்றுக்குப் போகலாம். தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். ஐயாறப்பர் கோயில் 4 மணிக்கு மேல் திறக்கும். அந்த வளாகத்துக்குள்ளேயே வடக்குப் பக்கம், இராஜராஜனின் பட்டத்தரசி உலோகமாதேவி கட்டிய தனிக் கோயில் இருக்கிறது. வடகயிலாயம் என்று கேட்டால் காட்டுவார்கள். கூட்டம் இருக்காது. சேரமங்கை தஞ்சாவூருக்குப் போவதற்கு முன் இருந்த கோயில் அதுதான்.